யாரையும் சாகச் சொல்லாத பாட்டு

1

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சிவபாதத்துக்கு ஆட்டைத் திவசம், இவர் போய் ஒரு வருசம். படையல் வைத்துத் தேவாரம் பாடி முடித்த கையோடு எங்கள் வீட்டில் ஒரு ஜப்பான் பாட்டும் போடப்பட்டது. கைதட்டலும் துள்ளலுமாக ஒரு பெண்பிள்ளை மூச்சுவிடாமல் பாடுகிற பாட்டு. வந்திருந்த சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. விளக்குத் திரியைத் தூண்டப் போன ஒரு அக்கா, கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நல்ல செய்தி நடந்து போகும், இந்த மாதிரிச் செய்தி பறந்து போகும். இங்கே இத்தாலியில், பலெர்மோவில் கிளம்பிய கதை இந்நேரம் பருத்தித்துறைச் சந்தை வரைக்கும் வந்திருக்கும். "சிவபாதத்தின்ரை திவசத்திலை தாயும் மகளும் டான்ஸ் பாட்டுப் போட்டவையாம்" என்று உங்களில் யாராவது கேட்டிருப்பீர்கள். போகிற வழியில் அதற்குக் கை கால் முளைப்பதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். கோபிக்கிறவர்கள் வாசித்து முடித்த பிறகு கோபியுங்கள்.

நாங்கள் இருப்பது பலெர்மோவில் சீசா என்கிற பகுதியில். நெருக்கிக் கட்டிய மாடிவீடுகள், கீழே சின்னச் சின்னக் கடைகள், பல்கனிக்குப் பல்கனி உடுப்புக் காயும் கொடி. நான் காலையில் பஸ் எடுத்துப் போய் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மருந்து போட்டு, பின்னேரம் திரும்பி வருகிறேன். இவர் வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, கடைசியில் மீன் பொரிக்கிற இடம் வரைக்கும் உயர்ந்தவர். அதற்கு மேல் உயர அந்தக் குசினியில் இடமில்லை. இத்தனை வருசத்தில் இவர் படித்த இத்தாலியன் முழுக்க அந்தக் குசினிக்குள் படித்ததுதான். வெங்காயம், உப்பு, கெதியாய், சூடு, தூசணம். ஆசுபத்திரிக்கு அந்த மொழி போதாது.

2

ஆகவே எங்கள் வீட்டுக்கு வாய் ஆரணிதான். ஒரே பிள்ளை, இங்கேயே பிறந்தவள். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்துக் கூட்டிக்கொண்டு போவோம். பெர்மெஸ்ஸோ இல்லையென்றால் வேலை இல்லை, வீடு இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவரின் முகம் அவளுக்குத் தெரிவதற்காக இவர் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் அங்கே இத்தாலியனில் கேட்டதை இங்கே தமிழில் சொல்லி, இங்கே சொன்னதை அங்கே சொல்லி, நடுவில் மூக்கையும் துடைத்துக்கொள்வாள். "எங்கடை வெளிநாட்டு மந்திரி" என்று இவர் பெருமையடிப்பார். வீட்டுச் சொந்தக்காரன் வாடகையைக் கூட்டிக் கேட்டபோதும், பள்ளிக்கூடத்தில் அவளைப்பற்றியே குறை சொல்லிக் கூப்பிட்டபோதும் மொழிபெயர்த்தவள் அவள்தான். குறையை அவள் எங்களுக்குச் சரியாகத்தான் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

வளர வளர அவளுடைய தமிழில் சிசிலியச் சொற்கள் கூடின. பிறகு கதைப்பதே குறைந்தது. அறைக் கதவு சாத்தியபடி இருக்கும், உள்ளேயிருந்து ஜப்பான் பாட்டு வரும். தொலைக்காட்சியில் பந்தடிக்கிற பொடியன்களின் கார்ட்டூன் பார்த்துப் பிடித்த வியாதி. அந்தப் பாட்டெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். மெல்லத் தொடங்கும், மேளம் சேரும், பாடுகிறவர் தொண்டை கிழிய மேலே போவார். சனம் சோர்ந்துபோகிற நேரத்தில் கேட்கிற பாட்டுகளாம். நிலம் நடுங்கிக் கடல் ஏறி ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகு, மிஞ்சினவர்கள் பள்ளிக்கூட மண்டபங்களில் கூடியிருந்து இப்படிப் பாடினார்களாம். எங்கள் கரையிலும் ஒருமுறை கடல் ஏறியது. நாங்கள் தலையிலடித்து ஒப்பாரி வைத்தோம், பிறகு வாயை மூடிக்கொண்டோம்.

இவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"உதென்ன பிள்ளை, எப்ப பாத்தாலும் ஆரோ உன்னைத் துரத்துற மாதிரி ஒரு பாட்டு?"

"அது என்கரேஜ் பண்ணுற பாட்டு அப்பா. எழும்பு, விடாதை எண்டு சொல்லும்."

"அப்ப எழுச்சிப் பாட்டு."

இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கையில் இருந்த அகப்பை நின்றுவிட்டது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களுக்குப் பதினாறு, பதினேழு வயதாக இருந்தபோது இயக்கக்காரர் சந்திக்குச் சந்தி ஒலிபெருக்கி கட்டி, போருக்கு எழும்பு, எழும்பு என்றுதான் பாட்டுப் போட்டார்கள். நல்ல பாட்டுகள்தான், இப்போது கேட்டாலும் மயிர் கூச்செறியும். இவருடைய தம்பி ஒருநாள் ரியூசனுக்கென்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது.

"இது ஆரைச் சாகச் சொல்லுது?" என்று இவர் கேட்டார்.

ஆரணிக்கு அந்தக் கதை ஒன்றும் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. "ஒருத்தரையும் இல்லை அப்பா. காலமை எழும்பிப் பள்ளிக்கூடம் போகச் சொல்லுது. சோதினை பெயிலானா அழாதை எண்டு சொல்லுது."

இவர் சிரித்தார். "ஒருத்தரையும் சாகச் சொல்லாத எழுச்சிப் பாட்டு இப்பதான் கேள்விப்படுறன். போட்டுக் கேள், போட்டுக் கேள்."

3

வயிற்றுக்குள் வலி என்று இவர் சொல்லத் தொடங்கியபோது மீன்பொரியலின் எண்ணெயைத்தான் நாங்கள் குற்றம் சொன்னோம். சோடா குடித்தார், இஞ்சி அவித்துக் குடித்தார். உடம்பு பாதியாகி, கண் மஞ்சளடித்த பிறகுதான் ஆசுபத்திரிக்குப் போனோம். ஒரு இளம் பெண் டொக்டர். படமெல்லாம் எடுத்த பிறகு என்னையும் ஆரணியையும் மட்டும் அறைக்குள் கூப்பிட்டு இருத்தினார். அவர் சொல்லச் சொல்ல ஆரணி எனக்குச் சொன்னாள். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது, குணமாக்குகிற கட்டம் தாண்டிவிட்டது. "மாத்தேலாதாம் அம்மா" என்று என் முகத்தைப் பார்க்காமல், மேசையில் இருந்த பேனையைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு அப்போது வயது பதினாறு.

மறுநாள் இவரிடம் தானே சொல்லப் போவதாக டொக்டர் சொன்னார். நோயாளிக்குச் சொல்லாமல் விடுவது இங்கே வழக்கமில்லை. ஆசுபத்திரி ஒழுங்குபண்ணித் தந்த மொழிபெயர்ப்பாளர் வங்காளம் கதைக்கிறவர். எங்களுடைய நிறமெல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான். ஆகவே மகள் சொல்லட்டும் என்று முடிவானது.

அன்று பின்னேரம் கனடாவில் இருக்கிற மச்சாளுக்குச் செய்தி போனது. மச்சாள் இவருடைய ஒரே அக்கா. தாய் நேரத்தோடு செத்துப்போக, இவரையும் தம்பியையும் வளர்த்து ஆளாக்கியவர். தம்பி போனபிறகு அவருக்கு மிஞ்சியது இவர்தான். போனில் அழுது முடித்துவிட்டு ஒரே பிடியாக நின்றார்.

"அவனுக்கு ஒரு சொல்லும் சொல்லிப்போடாதேயுங்கோ. சாகிற நாள் தெரிஞ்சா வாழுற நாள் நரகம். வயித்திலை புண் எண்டு சொல்லுங்கோ. என்ரை தம்பி நிம்மதியாக் கிடக்கட்டும்."

நான் எதிர்த்துக் கதைக்கவில்லை. எங்கள் ஊரில் யார்தான் நோயாளிக்குச் சொல்கிறோம்? எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. எனக்கே தாங்கவில்லை, இவர் எப்படித் தாங்குவார் என்று நினைத்தேன். டொக்டர் என்ன சொன்னாலும் புண் என்று மட்டும் சொல்லு என்று ஆரணிக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டு, இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி நீண்ட நேரம் கதைத்தார். நல்ல பெண். கண் கலங்கியிருந்தது. இவர் டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் முடித்ததும் ஆரணி சொன்னாள்: "வயித்துக்குள்ளை பெரிய புண்ணாம் அப்பா. மாற நாள் எடுக்குமாம்."

எல்லாம் சொல்லிவிட்டாயா, அப்பாவுக்கு விளங்கியதா என்று டொக்டர் கேட்டார். ஆரணி தலையாட்டினாள். இவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டொக்டருக்கு நன்றி சொல்லு பிள்ளை" என்றார்.

அன்றைக்கு அவள் சரியாக மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான்.

வெளியே வந்து பார்த்தால் நடைபாதையில் கிடந்த வாங்கில் காதுக்குள் அந்தக் கண்டறியாத பாட்டைச் செருகிக்கொண்டு இருக்கிறாள். எனக்கு விசர் பிடித்தது. யாரிலாவது எரிந்துவிழ வேண்டும் போல இருந்தது, இவள் அகப்பட்டாள்.

"தேப்பன் அங்கை அந்தமாதிரிக் கிடக்கேக்கை உனக்கு இஞ்சை பாட்டுக் கேக்குதோ?"

அவள் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினாள். "அம்மா, அந்த மொழியிலை மட்டும்தான் என்னட்டை ஒருத்தரும் மொழிபெயர்க்கச் சொல்லுறேல்லை" என்றாள். திரும்பவும் செருகிக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

4

மச்சாளின் அடுத்த கட்டளை, மலைக்கு நேர்த்தி வைக்க வேண்டும் என்று வந்தது. பலெர்மோவுக்கு மேலே உள்ள மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. கொள்ளை நோயிலிருந்து இந்த ஊரைக் காப்பாற்றிய புனிதை. மன்னார் வேதக்காரரும் போவார்கள், எங்களைப் போன்ற சைவக்காரரும் போவோம். சந்நிதிக்கும் நல்லூருக்கும் நடந்து பழகிய காலுக்கு நடக்க ஒரு கோயில் வேண்டியிருக்கிறது. இவர் குணமானால் வெறுங்காலோடு ஏறுகிறேன் என்று வைப்பதுதான் முறை. எனக்குப் பொறுமை இல்லை, கடனை முதலிலேயே கட்டிவிட்டுக் கேட்பம் என்று ஏறினேன். ஆரணியும் வந்தாள்.

பழைய கல்லுப்பாதை வெயிலில் சுட்டது. முன்னால் போன இரண்டு தமிழ்ப் பெண்கள் ஆரணியின் காதைத் திரும்பிப் பார்த்தார்கள். "நேர்த்திக்கு ஏறேக்கையும் பாட்டோ? இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு ஒரு பயம் பக்தி இல்லை" என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். ஆரணியின் குதிக்காலில் தோல் உரிந்து கல்லில் ரத்தம் பட்டிருந்தது. அதை அவர்கள் பார்க்கவில்லை. பாட்டின் தாளத்துக்குக் கால் வைத்து, ஒரு இடத்திலும் நிற்காமல் அவள் மேலே வரை ஏறினாள்.

ஏறினோம், கும்பிட்டோம், மெழுகுதிரி கொளுத்தினோம். கட்டி கரையவில்லை. புனிதையில் எனக்குக் கோபம் இல்லை. அவவிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்.

5

மருந்து ஏற்றுவதை நிறுத்தி இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் ஆறிவருகிறது, அதனால்தான் வீட்டுக்கு விடுகிறார்கள் என்று நாங்கள் சொன்னோம். சனம் பழங்களோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ, அடுத்த மாதம் எழும்பி ஓடுவியள், போன கிழமையைவிட இப்ப முகம் தெளிவு என்றெல்லாம் சொன்னார்கள். முகம் எலும்பாகியிருந்தது. இவர் ஒவ்வொருவருக்கும் ஓம், ஓம் என்றார். அவர்கள் போனபிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஆரணி, உன்ரை ஜப்பான்காரியைப் போடு" என்பார்.

எனக்குப் புதினமாக இருந்தது. "உங்களுக்கு உதிலை என்ன விளங்குது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் விளங்கேல்லை. அதுதான் நல்லாக் கிடக்கு. வாறவை சொல்லுற ஆறுதலுக்கெல்லாம் ஓம் ஓம் எண்டு பதில் சொல்லிக் களைச்சுப்போனன். இவளுக்கு நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

பாட்டு மேலே போகிற இடத்தில் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுவார். பிறகு பிறகு விரல் மட்டும் அசையும், சத்தம் வராது. ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலடியில் இருந்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம். ஆபிரிக்கப் பக்கமிருந்து வீசுகிற சூடான காற்று, யன்னல்களெல்லாம் சாத்தியிருந்தது. தெரு முழுக்க நித்திரை. நான் குசினியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். அறைக் கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"பிள்ளை" என்றார் இவர். "இவ்வளவு நாளும் கேக்கிறன். இவள் என்னதான் சொல்லுறாள்? ஒருக்காச் சொல்லன்."

ஆரணி பாட்டை நிறுத்தி, முதலிலிருந்து போட்டாள். ஒரு வரி ஓடியதும் நிறுத்தினாள்.

"'நீங்கள் நல்லாக் களைச்சுப் போனியள்' எண்டு சொல்லுறா."

"ம்."

அடுத்த வரி. நிறுத்தினாள். "'கனகாலம் ஓடினியள். இனி ஓட வேண்டாம். இருங்கோ' எண்டு சொல்லுறா."

"மரியாதையாத்தான் சொல்லுறாள்."

"ஜப்பான்காரர் நல்ல மரியாதை அப்பா." அடுத்த வரியைப் போட்டாள். "'மிச்சத்தை நாங்கள் பாப்பம். வீட்டை நாங்கள் பாப்பம். நீங்கள் பயப்பிடாமப் போங்கோ.'"

"எங்கை போகச் சொல்லுது?"

"அது சொல்லேல்லை அப்பா. பயப்பிடாமல் எண்டு மட்டும்தான் கிடக்கு."

பாட்டு நின்றிருந்தது. வெளியே காற்று கதவுப் பலகையை அடித்தது. இவர், "நல்லது" என்றார். கொஞ்சம் கழித்து, "நல்ல பாட்டு. கொம்மாவுக்கும் ஒருநாள் சொல்லு" என்றார்.

ஜப்பான்காரர் இப்படியும் பாட்டுக் கட்டுவார்களா என்று நினைத்துக்கொண்டு நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேருடைய கண்ணும் சிவந்திருந்தது. அந்தக் காற்றடித்தால் பலெர்மோவில் எல்லாருடைய கண்ணும் சிவக்கும். அதற்குப் பிறகு இவர் புண் எப்படி இருக்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கிழமை முடிய முன்னரே போய்விட்டார்.

6

செத்தவனைச் சாம்பலாக்குவது சுலபம், கந்தோரில் சாகடிப்பதுதான் கஷ்டம். நகரசபையில் மரணப் பதிவுக்குப் போனோம். எங்களில் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயராக நிற்கும். இவர் சிவபாதம் கந்தையா, மகள் ஆரணி சிவபாதம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடும்பப் பெயர் வேறாக இருக்கிறது, இறந்தவர் உனக்கு என்ன முறை என்று ஆரணியைக் கேட்டார். அவள் விளங்கப்படுத்தினாள். அவர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் விளங்கப்படுத்தினாள். கடைசியில் அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்க, அவர் என்னுடைய அப்பா, என்னுடைய அப்பா என்று இத்தாலியனில் கத்தினாள். முத்திரை குத்தினார்கள்.

வெளியே வந்து ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கமாகப் பஸ்சுக்கு நடக்கும்போது, "பாஸ்தா, அம்மா" என்றாள். போதும் என்று அர்த்தம். "இனி நான் ஆருக்கும் ஒண்டும் மொழிபெயர்க்க மாட்டன்."

கோபம் ஆறினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. எனக்கு இத்தாலியனில்தான் பதில் வரும். மச்சாள், அவளுக்கு மாமி, கனடாவிலிருந்து எடுத்தால் போனை என்னிடம் தந்துவிட்டுப் போய்விடுவாள். செத்தவீட்டில் முப்பத்தோராம் நாள் கழியும்வரை பாட்டுப் போடுவதில்லை, உங்களுக்குத் தெரியும். இவள் முப்பத்தொன்று கழிந்தும் போடவில்லை. காதுக்குள் செருகுகிறதும் இல்லை. முன்பு அந்தச் சத்தத்தை நிறுத்து என்று கத்திய நான், இப்போது அந்தக் கதவடியில் நின்று ஏதாவது கேட்கிறதா என்று பார்ப்பேன். பள்ளிக்கூடம் முடித்ததும் வடக்கே தூரத்தில் ஒரு நகரத்துக்குப் படிக்கப் போகிறாளாம். அதையும் எனக்கு இத்தாலியனில்தான் அறிவித்தாள்.

குவெஸ்தூராவுக்குத் தனியாகப் போனேன். இவருடைய பெயரில் இருந்த பெர்மெஸ்ஸோவை என் பெயருக்கு மாற்ற வேண்டும். பிழையான கண்ணாடிக்கு முன்னால் பாதி நாள் நின்றேன். கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்லி, அவர் சிரிக்க நானும் சிரித்து, வெளியே வந்து அழுதேன். பிறகு சிஞ்ஞோராவின் வீட்டில் பழைய பேப்பர்களை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினேன். சிஞ்ஞோராவுக்குப் பார்வை மங்கல், நான் வாசிக்க அவ திருத்துவா. மெல்ல மெல்ல வரிகள் பிடிபட்டன. தேவை வந்தால் மாடும் மரம் ஏறும் போலிருக்கிறது.

மச்சாள் மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பார். "கடைசி மட்டும் தம்பிக்குத் தெரியாதுதானே? நிம்மதியாத்தானே போனவன்?"

"தெரியாது மச்சாள். நிம்மதியாத்தான் போனவர்."

நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

7

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கத்தரிக்காய்க்கு இந்த ஊரில் பஞ்சமில்லை, முருங்கைக்காய்தான் கிடைக்கவில்லை. இவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் படைத்தோம். என்னுடைய போனில், வீடியோவில், மச்சாள், முகமும் அழுகையுமாக, இவருடைய படத்துக்கு எதிரே சாத்தி வைக்கப்பட்டிருந்தார். தேவாரம் முடிந்தது. அப்போது ஆரணி அறைக்குள்ளிருந்து வந்து, தன்னுடைய போனை இவருடைய படத்தடியில் நிறுத்தி, அந்தப் பாட்டைப் போட்டாள். ஒரு வருசத்துக்குப் பிறகு முதல் பாட்டு.

"உதென்ன சத்தம்?" என்றார் மச்சாள். "திவச வீட்டிலை கண்டறியாத கூத்து! நிப்பாட்டு ஆரணி!"

ஆரணி அசையவில்லை.

"அப்பிடி என்ன பாட்டு உது? என்ன சொல்லுது எண்டாவது சொல்லு!"

சனமெல்லாம் அவளைப் பார்த்தது. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய போனைப் பார்த்தேன். அதில் பாடுகிற பெண்ணுக்குக் கீழே இத்தாலியனில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு அப்படி எழுத்து இருந்தது எனக்கு முன்பே தெரியும், வாசிக்கத்தான் தெரியாமல் இருந்தது.

நில்லாதே, என்றிருந்தது. ஓடு. விழுந்தால் எழும்பித் திரும்பவும் ஓடு. நாளை உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

என் இத்தாலியன் பிழையாக்கும் என்று அடுத்த வரிக்காகக் காத்து நின்றேன். அங்கேயும் ஓடு என்றுதான் இருந்தது. களைத்துப்போனீர்கள் என்று ஒரு இடத்திலும் இல்லை. இருங்கள் என்று இல்லை. வீட்டை நாங்கள் பார்ப்போம் என்று இல்லை. பயப்படாமல் போங்கள் என்று இல்லவே இல்லை.

அந்தப் பாட்டில் இல்லாத ஒன்றைத்தான் என்னுடைய பிள்ளை தகப்பனுக்குச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவளுடைய வாயில் புண் என்ற சொல்லை வைத்து அடைத்தோம். அவள் ஜப்பான்காரியின் வாயைக் கடன் வாங்கி வழியனுப்பி வைத்திருக்கிறாள். இவருக்கு விளங்கியிருக்கிறது. அடுத்த அறையில் கஞ்சி வடித்த எனக்குத்தான் விளங்கவில்லை. அந்த இடத்திலேயே இருந்து அழுதிருப்பேன், மச்சாள் திரும்பவும் கேட்காவிட்டால்.

"ஆரணி! உன்னைத்தான் கேக்கிறன்!"

"நான் சொல்லுறன் மச்சாள்" என்றேன்.

ஆரணி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நீங்கள் நல்லாக் களைச்சுப் போனியள் எண்டு சொல்லுது. இனி ஓட வேண்டாம், இருங்கோ எண்டு சொல்லுது. மிச்சத்தை நாங்கள் பாப்பம், வீட்டை நாங்கள் பாப்பம், நீங்கள் பயப்பிடாமப் போங்கோ எண்டு சொல்லுது."

எழுத்து தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆரணி அந்த எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு வாசிக்கத் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

மச்சாள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் நின்றுபோனது. "இதைத் தம்பி கேட்டவனோ?"

"கேட்டவர்."

"அவனுக்கு விளங்கினதோ?"

தெரியாது, தெரியாது என்று ஒரு வருசமாகச் சொன்ன வாய் எனக்கு. ஆரணி எட்டி என்னுடைய போனை எடுத்தாள்.

"விளங்கினது மாமி" என்றாள், தமிழில். "நான்தான் அப்பாவுக்குச் சொன்னனான்."

பாட்டு முடிந்துவிட்டது. மச்சாள் கத்தப் போகிறார், நாங்கள் செய்ததற்கு ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். திரையில் அவருடைய முகம் வயதாகிக் கிடந்தது. இரண்டு தம்பிமாரையும் வளர்த்து, ஒருவரையும் வழியனுப்பக் கிடைக்காத முகம்.

"என்ன சொன்னவன்?"

"'நல்லது' எண்டு சொன்னவர் மாமி."

வந்தவர்களில் யாரோ இருமினார்கள். படையல் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னொருக்காப் போடு பிள்ளை" என்றார் மச்சாள். "எனக்கும் நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லு."

ஆரணி ஒரு கையில் மாமியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாட்டை முதலிலிருந்து போட்டாள். ஒரு வரி ஓடவிட்டு நிறுத்தினாள்.

"'நீங்கள் நல்லாக் களைச்சுப் போனியள்' எண்டு சொல்லுறா, மாமி."